மரக்கோல் கற்பித்த பாடம்

நமது கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எதனைப்பற்றி எழுதலாம் எனச் சில நாள்கள் சிந்தித்தேன். கல்வி, ஒழுக்கம், சமயம், தமிழ் என்னும் பொருள்கள்பற்றி எழுதுதற்கு என்னினும் தக்கார் பலர் உளர். அவர்கள் நடுவே யான் கோல்ப் என்னும் பந்தாட்டத்தைப்பற்றி, அதிலும் புல்லிற் கிடக்கும் பந்தை நெடுந்தூரம் செலுத்தும் ஒரு கோலைப்பற்றி எழுதப் புகுவது, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். மட்டக்களப்பு வாவியின் கரைகளில் அவ்வாட்டம் வேரூன்றியதில்லை. எழுவான்கரையில் தென்னஞ்சோலையும் மணலும் உண்டு. படுவான்கரையில் வயல்வட்டைகளும் மேய்ச்சற்றரையும் உண்டு. கோல்ப் ஆட்டம் மலைநாட்டிலும் கொழும்பிலும் துரைமார் வளர்த்த ஆட்டம் என்றே நாம் அறிந்திருக்கின்றோம்.

இருந்தும் அதனைப்பற்றியே எழுதத் துணிந்தேன். ஐம்பது வயதைக் கடந்தபின் யான் கற்கத் தொடங்கிய கலை அஃதொன்றே. கற்கத் தெரியாதவனாய் யான் இருந்தேன் என்பதை எனக்குக் காட்டியதும் அதுவே. அதனூடாக நமது கல்லூரிகளில் நடைபெறும் கற்பித்தலைப்பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாயிற்று. அதனை ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் ஒருங்கு படிக்கும் இம்மலரிற் கூறுவதே பொருத்தம்.

முதலில் ஆட்டத்தை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். கோல்ப் ஆடுவோர் பதினான்கு கோல்களுக்கு மேற் கொண்டு செல்லலாகாது என்பது விதி. அவற்றுட் பெரும்பாலானவை இரும்புத் தகடு போன்ற தலையையுடையவை. இரண்டு மூன்று மாத்திரம் பருத்து வளைந்த தலையுடன் நீண்டிருக்கும். இவற்றை ‘வூட்’, அதாவது மரக்கோல், என அழைப்பர். மிகப் பெரிய மரக்கோலால் அடிக்கும்பொழுது பந்தை ஒரு சிறு முளையின்மீது உயர்த்தி வைத்துக்கொள்ள விதி இடந்தருகின்றது. ஆனால் அடுத்த அடியைப் பந்து விழுந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடித்தல் வேண்டும். அங்கு முளையில்லை, பசும்புல் மாத்திரமே உண்டு. குழியை நோக்கிச் செல்லும் அப்புற்றரைப் பாதையைப் ‘பெயர்வே’ என்பர். அவ்விடத்திற் பயன்படுத்தும் மரக்கோலே பெயர்வே வூட். மூன்றாம் எண், ஐந்தாம் எண், ஏழாம் எண் என அதில் வகைகள் உண்டு. மூன்றாம் எண் கோல் ஏறக்குறைய நாற்பத்து மூன்று அங்குல நீளமுடையது. அதன் முகம் ஏறத்தாழ 15 பாகை சாய்ந்திருக்கும். ஐந்தாம் எண் 18 பாகையும், ஏழாம் எண் 21 பாகையும் சாய்ந்தவை. எண் கூடக் கோல் குறுகும், சாய்வு மிகும், பந்து உயர்ந்து சென்று குறைந்த தூரத்தில் விழும்.

மரக்கோல் என்னும் பெயர் இன்று பெயரளவிலேயே நிற்கின்றது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கரி அடம்ஸ் என்பவர் தொடங்கிய ரெயிலர்மேட் நிறுவனம் உருக்குத் தலையுடைய கோல்களை விற்கத் தொடங்கிற்று. அதன்பின் மரத்தலைகள் மெல்ல மெல்ல மறைந்தன. அதற்கு முன்னர் அத்தலைகளைப் பேர்சிமன் என்னும் அமெரிக்க மரத்திற் கடைந்தெடுத்தனர். அம்மரத்தின் குலத்தை அறிந்தபொழுது யான் வியப்புற்றேன். நமது வரண்ட காடுகளில் வளரும் கருங்காலியும், வாவியோர மீனவர் வலைக்குச் சாயமிடக் காய் பறித்த பனிச்சையும், அப்பேர்சிமனும் ஒரே குலத்து மரங்கள். டயோஸ்பைரொஸ் எனத் தாவரவியலார் அக்குலத்தைக் குறிப்பர். வாகரைக்குச் செல்லும் வழியில் உள்ள பனிச்சங்கேணி என்னும் ஊர்ப் பெயரை அறியாதார் நம்மில் யாவர்? துரைமாரின் ஆட்டம் என நாம் ஒதுக்கிய ஒன்றின் தலை, நம்மூர் மரத்தின் உறவினம் என்பதை எண்ணும்பொழுது அதன் அந்நியம் சற்றே குறைகின்றது.

இனி, அக்கோல் எதனாற் கடினமானது என்பதைக் கூறுவேன். பந்து தரையிற் கிடக்கின்றது. அது வானில் எழவேண்டும். கோலின் முகமோ ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதுபோலக் காணப்படும். அதனைப் பார்த்தவுடன், “இதனால் இப்பந்து எழாது, யானே அதனைத் தூக்கிவிடல் வேண்டும்” என மனம் முடிவு செய்கின்றது. இளமையில் யாம் ஆடிய ஆட்டங்கள் யாவும் அம்முடிவுக்குத் துணைநிற்கின்றன. கிட்டிப்புள்ளிற் புள்ளை முதலிற் கிளப்பிவிட்டு அந்தரத்தில் அடிக்கின்றோம். எல்லே ஆட்டத்தில் எறிந்த பந்தை மூங்கிற் கோலால் மேல்நோக்கி வீசுகின்றோம். கிரிக்கெற்றில் எல்லைக்கு அப்பால் அனுப்ப விரும்புவோன் பந்தின் அடியிற் புகுந்து தூக்குகின்றான். இங்ஙனம் பழகிய உடல், மரக்கோலைக் கையில் எடுத்தவுடன் பின்னே சாய்கின்றது; பாரம் வலக்காலிலேயே தங்குகின்றது; மணிக்கட்டுகள் பந்தைக் கிண்டி எடுக்க விரைகின்றன. விளைவு இரண்டில் ஒன்று. ஒன்று, கோல் பந்துக்குப் பின்னே மண்ணில் இறங்கி நிற்கும். அன்றேல், அது எழும்பும்பொழுது பந்தின் தலையிற் பட்டு, பந்து எலிபோலத் தரையில் ஓடும்.

உண்மை யாதெனின், பந்தைத் தூக்கும் வேலை ஆடுவோனுக்கு உரியதன்று. கோலைச் செய்தவன் அவ்வேலையை முகத்தின் சாய்விலேயே அமைத்துவிட்டான். பந்தின்மீது கோல் நேராகவோ சற்றே இறங்குமுகமாகவோ செல்லுமாயின், சாய்வு பந்தை எழுப்பும். பின்னோக்கிச் சுழலும் சுழற்சி அதனை வானிற் றாங்கும். தொழில்முறை வல்லுநரும் புல்லிலிருந்து மூன்றாம் எண் மரக்கோலை அடிக்கும்பொழுது சிறிது கீழ்நோக்கியே வீசுகின்றனர் என்பதை இக்கால அளவைக் கருவிகள் காட்டியுள்ளன. எனவே, எழவேண்டிய பந்துக்குக் கீழ்நோக்கிய வீச்சு. இம்முரணை அறிவு ஒரு நாளில் ஏற்றுக்கொள்ளும். உடல் ஏற்றுக்கொள்ள ஆண்டுகள் செல்லும்.

யான் இதனைக் கற்ற வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். அரசாங்க சேவையில் மலைநாட்டிற் பணியாற்றிய காலத்தில், இளைப்பாறிச் சென்ற மேலதிகாரி ஒருவர் தமது பழைய கோல்களை எனக்கு அளித்துச் சென்றார். கல்லூரிக் கிரிக்கெற் அணியில் ஆடியவன் என்னும் இறுமாப்பு எனக்கு இருந்தது. அசையும் பந்தை அடித்தவனுக்கு அசையாத பந்து எம்மாத்திரம் என எண்ணினேன். முதல் நாளில் மரக்கோலால் அடித்த பந்துகளுள் ஒன்றேனும் ஆள் உயரத்துக்கு எழவில்லை. எனது கோற்பையைச் சுமந்து வந்த தோட்டப்புறத்து இளைஞர் நெடுநேரம் பொறுத்திருந்து, இறுதியில் மெதுவாகச் சொன்னார்: “பந்த அடிக்காதீங்க ஐயா. பந்துக்கு அங்கிட்டு இருக்கிற புல்ல அடிங்க.”

அக்கூற்றைக் கேட்டுத் தலையசைத்தேன், ஆனால் ஏற்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கிரிக்கெற் ஆடியவனுக்குக் கோற்பை சுமக்கும் பிள்ளை கற்பிப்பதா என்னும் எண்ணம் உள்ளே இருந்தது. ஆகவே மேலும் இரண்டு ஆண்டுகள் பந்தைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். புதிய கோல் ஒன்று வாங்கினேன். அதனாலும் பயனில்லை. பிழை கோலில் இருந்ததன்று.

இளைப்பாறி ஊருக்கு மீண்டபின், வீட்டுக் காணியில் இரு தென்னைகளுக்கிடையே பழைய மீன்வலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதனுட் பந்துகளை அடிக்கலானேன். பெரும்போக அறுவடை முடிந்த மாதங்களில் மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குச் சென்று, உறவினரான போடியார் ஒருவரின் அனுமதியுடன் அரிதாள் நின்ற வட்டையிலும் பழகினேன். 2014ஆம் ஆண்டில் அப்பாலம் திறக்கப்படுமுன், அவ்விடத்திற் பாதையில் ஏறி வாவியைக் கடந்த நாள்களைப் பழைய மாணவர் மறந்திரார். அரிதாள் நிலம் கண்டிப்பான ஆசான். பந்துக்குப் பின்னே ஒரு விரலளவு மண்ணைத் தொட்டாலும் கோல் சிக்கி நிற்கும். அடி முழங்கை வரை ஏறும். பசும்புல் மன்னிக்கும் பிழையை அரிதாள் மன்னிப்பதில்லை.

ஒருநாள் மாலை, எனது அயலவரான முதிய மீனவர் ஒருவர் வலைக்கருகே வந்து நின்று பார்த்தார். அறுபது ஆண்டுகளாக வாவியில் வீச்சுவலை வீசியவர். கோல்ப் என்பதன் பெயரையும் அறியாதவர். நான் பத்துப் பந்துகள் அடித்து முடிந்ததும், “தம்பி, கையால எறியப் பாக்கிறீங்க. வலய நாம விரிக்கிறல்ல. உடம்பத் திருப்பி விட்டா அது தானா விரியும்” என்றார். பின்னர்த் தமது வலையை எடுத்துவந்து காட்டினார். பாரத்தை ஒரு காலில் ஏற்றி, இடுப்பைத் திருப்பி, மற்றைக் காலுக்கு மாற்றும்பொழுது, கை வலையை விடுவதன்றி வேறொன்றும் செய்யவில்லை. வலை வட்டமாக விரிந்து விழுந்தது. விரிக்கவேண்டுமென்று கையை உதறினால் அது சுருண்டு விழும் என்பதையும் செய்து காட்டினார்.

மலைநாட்டு இளைஞர் சொன்னதும், வாவிக்கரை முதியவர் சொன்னதும் ஒன்றே என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. பந்து எழுவதும் வலை விரிவதும் விளைவுகள். விளைவை நேரே பற்ற முயல்வோனுக்கு அது கைகூடுவதில்லை. செய்யவேண்டிய செயல் வேறு, அது சிறியது, பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாதது.

அதன்பின் ஒழுங்காகப் பழகத் தொடங்கினேன். பழகுவோர்க்குப் பயன்படும் என்பதனால் அம்முறையை ஈண்டுக் குறிக்கின்றேன். முதலாவது, மூன்றாம் எண் கோலை ஒருபுறம் வைத்துவிட்டு ஏழாம் எண் கோலை எடுத்தேன். அதன் முகம் கூடுதலாகச் சாய்ந்திருப்பதனால், பந்து எழுமோ என்னும் அச்சம் குறைகின்றது. அச்சம் குறையவே தூக்கும் ஆசையும் குறைகின்றது. இரண்டாவது, பந்தில்லாமலே தரையில் ஒரு சுண்ணக் கோடு கீறி, கோல் அக்கோட்டுக்கு முன்னே புல்லைத் தொடும்வரை வீசிப் பழகினேன். மூன்றாவது, பந்தை இடக்காற் குதிக்குச் சற்று உள்ளே வைத்து, அரை வீச்சு மாத்திரம் வீசினேன். வீச்சு முடியும்பொழுது உடலின் பாரம் முழுவதும் இடக்காலில் நிற்கின்றதா என நின்று பார்த்தேன். நான்காவது, நாளொன்றுக்கு இருபது பந்துகளுக்கு மேல் அடிப்பதில்லை என வரையறுத்தேன். களைத்த உடல் பழைய பிழையையே தேடிச் செல்லும். ஐந்தாவது, இருபதில் எத்தனை நன்றாக எழுந்தன என்பதை ஒளிவுமறைவின்றிக் கொப்பியில் எழுதி வைத்தேன்.

அக்கொப்பியை எழுதியவன் யானல்லன் என்பதையும் கூறவேண்டும். அயல்வீட்டு மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சையில் முதன்முறை எழுதிப் போதிய பெறுபேறு கிடையாதவன், மாலை வேளைகளில் வேலியருகே நின்று பார்ப்பான். ஒருநாள் அவன் கேட்டான்: “மாமா, இத்தனை தரம் பிழைக்குது. ஆக்கள் பாக்கிறாங்க. உங்களுக்கு வெக்கமா இல்லையா?” ஏளனமாக அவன் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினான். வெட்கந்தான் எனச் சொன்னேன். வெட்கத்தோடு அடிப்பதற்கும் பழகிக்கொண்டிருக்கின்றேன் என்றேன். சிறிது நேரங் கழித்து, தான் இரண்டாம் முறை பரீட்சை எழுதப்போவதில்லை என்றான். ஏன் என வினவ, “திரும்பவும் பிழைச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்” என்றான்.

அவனுக்கு யான் உபதேசம் செய்யவில்லை. கொப்பியைக் கொடுத்து, நாள்தோறும் எண்ணி எழுதுமாறு கேட்டேன். முதல் வாரத்தில் இருபதில் மூன்று என எழுதினான். இரண்டாம் வாரத்தில் இரண்டு. பின்னோக்கிச் சென்றதையும் அவன் அழிக்காமல் எழுதினான். மூன்று மாதங்களின் பின் பதினொன்று ஆயிற்று. இடையிற் பன்னிரண்டு நாள்கள் ஐந்துக்கு மேல் ஏறவேயில்லை. அவ்வெண்களைப் பார்த்து அவன் என்ன நினைத்தான் என்பதை அறியேன். தவணை தொடங்கியபின் அவன் மாலைகளில் வருவது குறைந்தது. மறுமுறை பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கின்றான் எனப் பின்னர்க் கேள்விப்பட்டேன். அவனுடைய பெறுபேறு அவனுக்குரியது. அதனை இங்கு எழுதுவது முறையன்று.

இதனை எழுதுவதற்குக் காரணம் அம்மாணவனுடைய வினாவே. அவ்வினா அவனுடையது மாத்திரமன்று. நாம் அவனுக்குக் கற்பித்தது. நமது கல்லூரிகள் வெற்றி பெற்றோரின் பெயரைப் பலகையிற் பொறிக்கின்றன. அது தக்கதே. ஆனால் பலகையிற் பெயருள்ளவனும் இல்லாதவனும் எங்ஙனம் பழகினர், எத்தனை முறை பிழைத்தனர், பிழைத்தபின் மறுநாள் என்ன செய்தனர் என்பதை மாணவர் காண்பதற்கு இடமில்லை. மாணவன் ஒரு பெரிய பரீட்சையையும் ஒரு பெரிய ஆட்டத்தையும் மாத்திரமே காண்கின்றான். ஆகவே அவனும் பந்தைத் தூக்கிவிடப் பார்க்கின்றான். விளைவையே நோக்கி முழுப் பலத்தையும் ஒரே வீச்சிற் செலுத்துகின்றான். அது தவறினால், தனக்குத் தகுதியில்லை எனத் தானே தீர்ப்பளித்து விலகுகின்றான்.

பழைய மாணவராகிய நாமோ இதற்கு உடந்தையாய் இருக்கின்றோம். பதினெட்டு வயதில் மைதானத்தை விட்டு நீங்கிய நம்மிற் பெரும்பாலார், மீண்டும் அங்கு வருவது கொட்டகை நிழலில் இருந்து கைதட்டுதற்கே. நாம் மேடையில் ஏறுவது பரிசு வழங்குதற்கே. மாணவன் நம்மைக் காணும்பொழுதெல்லாம் நாம் முடிந்த மனிதராய், வென்ற மனிதராய் நிற்கின்றோம். ஐம்பது வயதினர் ஒருவர் ஒன்றனைக் கற்கத் தொடங்கித் தடுமாறுவதை அவன் ஒருநாளும் கண்டதில்லை. காணாததை அவன் எங்ஙனம் நம்புவான்?

கோல்ப் ஆட்டத்தைக் கல்லூரியிற் சேர்க்கவேண்டும் என்பது எனது கருத்தன்று. பதினெட்டுக் குழிகள் கொண்ட திடலுக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஏக்கர் நிலமும் மிகுந்த நீரும் வேண்டும். நெல் விளையும் நிலத்தையும் வாவியோரக் கண்டற் காட்டையும் அதற்காக இழத்தல் பேதைமை. செல்வர் ஆட்டம் என நண்பர் கூறும் குற்றச்சாட்டிலும் உண்மையுண்டு. 1879ஆம் ஆண்டிற் கொழும்பிலும், 1889ஆம் ஆண்டில் நுவரெலியாவிலும் கோல்ப் சங்கங்களைத் தொடங்கியோர் உழைப்பாளர் அல்லர். ஆயினும் அவ்வாட்டத்தை நன்கு கற்றோர் வரலாறு வேறு விதமாய் இருக்கின்றது. 1935ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒகஸ்ரா நகரில் நடந்த மாஸ்ரர்ஸ் போட்டியின் இறுதிச் சுற்றில், ஜீன் சராசன் என்பவர் மூன்று அடிகள் பின்தங்கி நின்றார். பதினைந்தாம் குழிக்கு 235 யார் தொலைவிலிருந்து, நீர்நிலைக்கு அப்பால், நாலாம் எண் மரக்கோலாற் புல்லிலிருந்து அடித்த பந்து நேரே குழியில் விழுந்தது. ஐந்தடிக் குழி இரண்டடியில் முடிந்தது. பின்தங்கியவர் சமநிலை அடைந்து, மறுநாள் நடந்த மேலதிக ஆட்டத்தில் வென்றார். மரக்கோல் அடிகளுள் இன்றுவரை மிகுதியாகப் பேசப்படுவது அதுவே. அதனை அடித்தவர் தச்சர் ஒருவரின் மகன். சிறுவயதிற் பிறர் கோற்பைகளைச் சுமந்தவர்.

நமக்கு அண்மையிலும் உதாரணம் உண்டு. கல்கத்தாவின் றோயல் கோல்ப் சங்கத்திற் புற்றரை பேணிய தொழிலாளி ஒருவரின் மைந்தர் சிவசங்கர் பிரசாத் சௌராசியா. அவர் 2008ஆம் ஆண்டில் டில்லியில் நடந்த இந்திய மாஸ்ரர்ஸ் போட்டியையும், 2016, 2017ஆம் ஆண்டுகளில் இந்தியத் திறந்த போட்டியையும் வென்றார். உருவிற் சிறியவர், நெடுந்தூரம் அடிப்போர் வரிசையிற் சேராதவர். தூரம் குறைந்தவன் அடுத்த அடிக்கு நீண்ட கோலை நம்பியே ஆகவேண்டும். அதனைப் பலத்தாலன்றிப் பழக்கத்தாலேயே நம்புதல் இயலும். நமது நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் பலரும் கோற்பை சுமந்தே இவ்வாட்டத்தைக் கற்றனர். அவர்கள் கற்றது பணங்கொடுத்தன்று. நாள்தோறும் அருகிருந்து, பிறர் பிழைகளைப் பார்த்து, தம் பிழைகளை மறையாது திருத்திக் கற்றனர். செல்வர் திடலிற் செல்வர் வாங்கவியலாத பொருள் அதுவொன்றே.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கின்றேன். மாதத்தில் ஒரு மாலையை நாம் கல்லூரி மைதானத்திற் கழித்தல் வேண்டும், கைதட்டுதற்கன்று, கற்றற்கு. தமக்கு முன்பின் தெரியாத ஒன்றனை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்க. வைத்தியர் ஒருவர் மிருதங்கம் பழகலாம், கணக்காளர் ஒருவர் சதுரங்கம் பழகலாம், பந்தெறியாதவர் பந்தெறியலாம், வாவிக்கரையிற் பிறந்தும் வீச்சுவலை வீசத் தெரியாத நம்மிற் பலர் அதனைக் கற்கலாம். கற்பிப்போர் பட்டம் பெற்றவராய் இருத்தல் வேண்டுமென்பதில்லை. மீனவரும், தச்சரும், நம்மினும் இளைய மாணவரும் ஆசிரியராய் அமையலாம். மாணவர் பார்த்துக்கொண்டிருக்க நாம் பிழைக்கவேண்டும். பிழைத்ததைக் கொப்பியில் எழுதவேண்டும். மறுமாதம் அவர்கள் முன்னே மீண்டும் வந்து நிற்கவேண்டும். இதற்குக் கட்டடம் வேண்டா; நன்கொடை வேண்டா; வெட்கத்தை ஒரு மாலைக்கு ஒத்திவைத்தாற் போதும்.

இதனாற் பரீட்சைப் பெறுபேறு உயரும் என யான் உறுதி கூறேன். பிள்ளைகள் முன்னிலையிற் பெரியோர் தடுமாறினால் மதிப்புக் குறையாதா எனச் சிலர் வினவலாம். குறையும் மதிப்பும் ஒன்று உண்டு. அது, பெரியோர் பிழையார் என்னும் மதிப்பு. அதனைப் பிள்ளைகள் நெடுநாள் நம்புவதுமில்லை. அதற்குப் பதிலாக, பிழைத்தவர் மறுநாளும் வருவார் என்னும் நம்பிக்கை அவர்களிடத்து உண்டாகுமாயின், அம்மாற்றத்தால் நமக்கு நட்டமில்லை.

சென்ற ஆண்டில், நண்பர் ஒருவருடன் திருக்கோணமலைக்கு அண்மையில் சீனக்குடாவில் விமானப்படையினர் பேணும் கோல்ப் திடலுக்குச் சென்றேன். பனிச்சங்கேணியையும் வாகரையையும் வெருகலையும் மூதூரையும் கடந்து, 2009ஆம் ஆண்டிற் றிறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின்மேற் சென்ற பயணம் அது. முன்னாளிற் பாதைக்குக் காத்துநின்ற துறைகளிலெல்லாம் இன்று பாலங்கள் இருக்கின்றன. அன்று யான் மரக்கோலை ஒன்பது முறை எடுத்தேன். நான்கு நன்றாக எழுந்தன. மூன்று தரையில் ஓடின. ஒன்று மண்ணைக் கிளப்பிற்று. எஞ்சிய ஒன்றை மறக்கவியலாது. வீசும்பொழுது கையில் யாதொரு பாரமும் தோன்றவில்லை. பந்துக்கு அப்பால் புல் மெல்ல உராயும் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தபொழுது பந்து ஏற்கனவே வானில் இருந்தது. அதனைத் தூக்கியவன் யான் அல்லன்.

மறுநாட் காலை வீட்டுக்கு வந்து, வலையைக் கட்டி, ஏழாம் எண் கோலை எடுத்தேன். இருபதில் ஆறு. கொப்பியில் அவ்வாறே எழுதியிருக்கின்றேன்.

நமது கல்லூரி பல்லாண்டு வாழ்க. அதன் மைதானத்தில் அடுத்த மாதமே ஒரு மாலை, மாணவரே, உங்கள் தந்தையரும் மாமன்மாரும் பிழைப்பதை நீங்கள் வந்து காண்பீர்களாக.